மென்பொருள் இடைமுகத்தில் முன்னிருப்பும் தெரிவும்: தமிழ் விசைப்பலகையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருளின் ஒரு கூறு எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை உருவாக்குநரே முடிவுசெய்துவிடலாம். அல்லது அம்முடிவைப் பயனர் கையில் தெரிவாக விட்டுவிடலாம். இரண்டில் எதை எங்குக் கொள்வது என்னும் வினா இடைமுக வடிவமைப்பில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பயனர்கள் தமக்குள் நிலையாக வேறுபடும் இடத்திலேயே தெரிவு தேவைப்படுகிறது என்பதும், தெரிவு தரப்பட்டாலும் முன்னிருப்பை முடிவுசெய்யும் பொறுப்பு உருவாக்குநரை விட்டு நீங்குவதில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து. தமிழ்99 விசைப்பலகையின் தானியங்கு புள்ளி விதியும், விசைப்பலகைத் தளவமைப்புகளின் பன்மையும் இதற்குச் சான்றுகளாக ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முன்னிருப்பு, தெரிவு, அமைவுகள், இடைமுகம், தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், இசைவு.

முன்னுரை

ஒரு செயலியை நிறுவிய கணத்திலேயே அதில் நூற்றுக்கணக்கான முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தின் அளவு, ஒலி, கோப்பு சேமிக்கப்படும் இடம், யார் நம்மைத் தொடர்புகொள்ளலாம் என்பது வரை எல்லாமே முன்னரே அமைந்தவை. இவற்றுள் சில 'அமைவுகள்' என்னும் பக்கத்தில் மாற்றத்தக்கனவாக இருக்கும். பல அங்கு இடம்பெறுவதே இல்லை. கணினித்தமிழ் ஆய்வுகள் எழுத்துரு, குறியாக்கம், சொற்பிழை திருத்தம் ஆகியவற்றில் கவனம் செலுத்திய அளவுக்கு இம்முடிவுகளில் செலுத்தவில்லை எனலாம். தமிழில் எழுதுவோரின் அன்றாட அனுபவத்தை வடிவமைப்பதில் இவற்றின் பங்கு சிறிதன்று.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'டிஃபால்ட்' எனப்படும் கருத்துக்குத் தமிழாக்கப்பட்ட மென்பொருள்களில் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று 'இயல்புநிலை', மற்றது 'முன்னிருப்பு'. கைப்பேசிகளில் முன்னதையும், கட்டற்ற மென்பொருள் தமிழாக்கங்களில் பின்னதையும் மிகுதியாகக் காணலாம். இவ்விரண்டும் ஒருபொருட் பன்மொழிபோல் தோன்றினும் தரும் பொருள் வேறு. 'இயல்பு' என்பது ஒன்றன் தன்மையிலேயே அமைந்தது. நீர் குளிர்வதும் தீ சுடுவதும் இயல்பு. ஓர் அமைவை இயல்பு என்றுவிட்டால் அதை மாற்றுவது இயல்பினின்று பிறழ்வதாகிவிடுகிறது. 'முன்னிருப்பு' என்பதோ பயனர் வருமுன் இருந்தது என்று மட்டும் கூறுகிறது. அது நல்லது என்றோ இயற்கையானது என்றோ கூறவில்லை. யாரோ ஒருவர் வைத்ததனால் இருக்கிறது என்பதை அச்சொல்லும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. எனினும் அவ்வினாவை எழுப்ப இடம் தருகிறது. இக்கட்டுரை அச்சொல்லையே கொள்கிறது. அமைவுகளில் மாற்றிக்கொள்ளத் தரப்படும் வாய்ப்பு இங்குத் 'தெரிவு' எனப்படுகிறது.

தொடப்படாத அமைவுகள்

முன்னிருப்பின் வலிமை, பெரும்பாலோர் அதனைத் தொடுவதில்லை என்பதிலிருந்து பிறக்கிறது. பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2011ஆம் ஆண்டில் எழுதிய ஒரு குறிப்பு இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. மைக்ரோசாஃப்ட் வேர்டைப் பயன்படுத்துவோரிடமிருந்து அவரது குழு அமைவுக் கோப்புகளைத் திரட்டிப் பார்த்தது. ஏதேனும் ஓர் அமைவையாவது மாற்றியிருந்தவர்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. எழுதும்போதே கோப்பைத் தானாகச் சேமிக்கும் வசதி அப்பதிப்பில் அணைக்கப்பட்ட நிலையிலேயே வழங்கப்பட்டிருந்தது. மின்சாரம் நின்றால் எழுதியது பறிபோகும் என்பதை அறிந்தவர்களும் அதனை இயக்கவில்லை. காரணம் கேட்டபோது, நிறுவனம் அதை அணைத்து வைத்திருப்பதற்குத் தக்க காரணம் இருக்கும் என்று கருதியதாகக் கூறினர்.

அக்காரணம் என்ன என்று தேடியபோது கிடைத்த விளக்கமே இந்நிகழ்வின் சாரம். அமைவுக் கோப்பை உருவாக்கிய நிரலாளர் எல்லா இடங்களிலும் 0 என்று நிரப்பியிருந்தார்; 0 என்றால் அணைந்த நிலை. யாரும் சிந்தித்து எடுக்காத ஒரு முடிவை, சிந்தித்து எடுக்கப்பட்டதென்று பயனர்கள் மதித்து நடந்திருக்கின்றனர். முன்னிருப்பு மாற்றப்படாமைக்குச் சோம்பலையும் அறியாமையையும் காரணம் காட்டுவது வழக்கம். இங்குக் காணப்படுவது நம்பிக்கை. வல்லுநர் ஒருவர் பரிந்துரைத்த மருந்தளவை நோயாளி மாற்றாமல் உட்கொள்வது போன்ற நம்பிக்கை அது. அந்நம்பிக்கைக்கு ஈடாக உருவாக்குநர் தரப்பில் சிந்தனை இருந்ததா என்பதே கேட்கப்பட வேண்டியது.

தெரிவின் விலை

அப்படியாயின் எல்லாவற்றையும் தெரிவாக்கிவிட்டால் சிக்கல் தீருமே என்று தோன்றலாம். கட்டற்ற மென்பொருள் உலகில் இவ்வாதம் வலுவாக ஒலித்தது. அதற்கு எதிர்வாதமாக, குனோம் திரைச்சூழலின் உருவாக்குநர்களுள் ஒருவரான ஹேவொக் பென்னிங்டன் 2002ஆம் ஆண்டுக் காலத்தில் எழுதிய கட்டுரை இன்றும் வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு தெரிவுக்கும் விலை உண்டு என்பது அவர் கருத்து. தெரிவுகள் பெருகப் பெருக வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிதாகிறது. சோதனை செய்ய வேண்டிய சேர்க்கைகளும் பெருகுகின்றன. இக்கடைசிக் கருத்தைக் கணக்கிட்டே காணலாம்: ஆம், இல்லை என இருநிலை கொண்ட 10 தெரிவுகள் 1,024 சேர்க்கைகளைத் தரும், 20 தெரிவுகள் 10 இலட்சத்திற்கு மேற்பட்ட சேர்க்கைகளைத் தரும். இத்தனையையும் சோதித்துப் பார்க்கும் நிறுவனம் எதுவுமில்லை. எனவே அரிதான சேர்க்கையைக் கொண்ட பயனர், யாரும் இயக்கிப் பார்த்திராத ஒரு மென்பொருளை இயக்கிக்கொண்டிருக்கிறார்.

தெரிவு தீங்காகவே முடிந்த இடங்களும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் அமைவுகளில் ஜாவாஸ்கிரிப்டை அணைப்பதற்கும், படங்கள் தோன்றாமல் தடுப்பதற்கும் தேர்வுப்பெட்டிகள் முன்பு இருந்தன. அவற்றின் குறியை அறியாமல் நீக்கிவிட்டவருக்குப் பல வலைத்தளங்கள் இயங்கா. உலாவி பழுதாகிவிட்டது என்றே அவர் எண்ணுவார். 2013ஆம் ஆண்டு மார்ச்சில், அப்போது ஃபயர்ஃபாக்ஸ் வடிவமைப்பில் பணியாற்றிய அலெக்ஸ் லிமி இத்தகைய பெட்டிகளைக் கண்டித்து எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 23ஆம் பதிப்பில் அவை நீக்கப்பட்டன. ஆயினும் அவை முற்றாக ஒழிக்கப்படவில்லை. தேர்ந்த பயனர் மட்டுமே சென்றடையும் உள்ளமைவுப் பக்கத்தில் தொடர்ந்து இருந்தன. இத்தீர்வு ஏற்கத்தக்கதே, அரிதான தேவை அரிதான இடத்தில் இருக்கலாம்.

பென்னிங்டனின் நிலைப்பாட்டை முழுமையாக ஏற்பதிலும் இடர் உண்டு. 2005ஆம் ஆண்டு இறுதியில் லினக்ஸ் கருநிரலின் ஆசிரியர் லினஸ் டோர்வால்ட்ஸ் குனோமைக் கடுமையாகச் சாடி, தெரிவுகள் மிகுந்த கேடிஈ சூழலைப் பரிந்துரைத்தார். பயனரை அறிவிலியாகக் கருதி வடிவமைக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. இருவரும் ஒருவரையொருவர் மறுப்பதுபோல் தோன்றினாலும் அவர்கள் மனத்தில் கொண்ட பயனர்கள் வேறானவர்கள். குழுவுக்குள் இருவர் ஒரு முடிவில் உடன்படாதபோது, சண்டையை முடிக்க இரண்டையும் தெரிவாக்கிவிடுவது வழக்கமாகக் காணப்படும் ஒன்று. அவ்வாறு பிறக்கும் தெரிவு பயனரின் தேவையிலிருந்து பிறந்ததன்று. உருவாக்குநரின் பிணக்கு பயனரின் திரைக்கு இடம்பெயர்ந்தது. பயனர்களே தமக்குள் நிலையாக வேறுபடுகின்றனரா என்பதுதான் முதலில் ஆராயப்பட வேண்டும். தமிழ் உள்ளீட்டில் இதற்கு இரு மாறுபட்ட சான்றுகள் உள்ளன.

தானியங்கு புள்ளி: தெரிவாக்கப்படாத ஒரு விதி

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம்99 மாநாட்டையொட்டி உருப்பெற்று, அவ்வாண்டே தமிழ்நாடு அரசின் ஏற்பைப் பெற்றது தமிழ்99 விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது அது. உயிர்கள் இடக்கை ஓரமாகவும் மெய்கள் வலக்கை ஓரமாகவும் அமைந்துள்ளன. மெய் விசையை அழுத்தினால் அகரமேறிய வடிவம் தோன்றும். அடுத்து உயிரை அழுத்தினால் உயிர்மெய்யாக மாறும். மெய் வேண்டுமாயின் புள்ளி விசையை அழுத்த வேண்டும்.

இவ்வமைப்பை இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் தமிழில் எழுதுவோர் புள்ளி விசையை ஓயாமல் அழுத்த நேர்ந்திருக்கும். ஆகவே ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஒரே மெய் அடுத்தடுத்து இருமுறை அழுத்தப்பட்டால் முதலெழுத்து தானே புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் 4 விசைகள் போதும். புள்ளிக்கென்று தனி விசை வேண்டா. 'நன்று' என்பதற்கு ந, ன, ற, உ என்னும் நான்கே போதும். தமிழ்ச் சொற்களில் உடனிலை மெய்ம்மயக்கமும் இனவெழுத்துச் சேர்க்கையும் எவ்வளவு மிகுதியாக வருகின்றன என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். மொழியின் எழுத்து மயக்க இயல்பே இங்கு முன்னிருப்பாக்கப்பட்டிருக்கிறது. 'இயல்புநிலை' என்னும் சொல் உண்மையாகவே பொருந்தும் மிகச்சில இடங்களுள் இது ஒன்று.

விதி பொருந்தாத சொற்களும் உண்டு. 'மமதை' என்பதில் இரு மகரங்கள் புள்ளியின்றி அடுத்தடுத்து வருகின்றன. 'குங்குமப்பூ' என்பதில் மகரத்தை அடுத்துப் பகரம் வந்தும் மகரம் புள்ளி பெறுவதில்லை. 'பப்பாளி', 'தத்தளி' போன்றவையும் இவ்வகையின. இவ்விடங்களில் இரு மெய்களுக்கு இடையே அகர விசையை அழுத்தினால் விதி செயற்படாது. ம, அ, ம, த, ஐ என்று அழுத்த 'மமதை' கிடைக்கும். அகரமேறிய எழுத்து வேண்டும்போது அகரத்தையே அழுத்துவது நினைவிற்கும் எளிது.

இவ்விதியை இயக்கவும் அணைக்கவும் அமைவுகளில் ஒரு தேர்வுப்பெட்டி வைத்திருக்கலாம். தளவமைப்பு அதனைக் கோரவில்லை. கோராதது நன்று என்பதே இக்கட்டுரையாசிரியரின் மதிப்பீடு. தட்டச்சு விரல்களின் பயிற்சி. அலுவலகத்திலும் கல்லூரி ஆய்வகத்திலும் இணைய மையத்திலும் ஒருவர் அமரும் கணினி முன்பு பிறர் அமர்ந்தது. புள்ளி ஒரு கணினியில் தானே தோன்றி மற்றொன்றில் தோன்றாது போயின் விரல்கள் எதையும் கற்றுக்கொள்ளா. தரப்பாடு என்பதும் பெயரளவில் நின்றுவிடும். மேலும், இங்கு வேறுபடுவது சொல்லேயன்றிப் பயனர் அல்லர். ஒரே எழுத்தாளர் ஒரே வரியில் 'அம்மா' என்றும் 'மமதை' என்றும் எழுதுகிறார். சொல்லுக்குச் சொல் மாறும் தேவைக்கு, தொலைவிலுள்ள அமைவுப் பக்கம் விடையாகாது. எழுதும் ஓட்டத்திலேயே கைக்கெட்டும் ஒரு விலக்கு வேண்டும். அகர விசை அவ்விலக்கு. வலிமையான முன்னிருப்பும் மிக அருகில் ஒரு விலக்கும் சேர்ந்தால் தெரிவு தேவையற்றதாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைப் பிறமொழி மென்பொருள்களில் காண்பதும் எளிதன்று.

தளவமைப்புகள்: தெரிவு இன்றியமையாத இடம்

தளவமைப்பின் செய்தி இதற்கு நேர்மாறானது. தமிழ்நாட்டில் தட்டச்சுப் பயிலகங்களில் பயின்று அரசுத் தேர்வு எழுதியவர்களின் விரல்கள் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பிற்குப் பழகியவை. இலங்கையிலும் அங்கிருந்து புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி எழுத்துரு வழிவந்த அமைப்பும் ரெங்கநாதன் விசைப்பலகையும் வேரூன்றியவை. ஆங்கில விசைப்பலகையில் வளர்ந்த தலைமுறைக்கு உரோமன் எழுத்தின் ஒலிவழி தட்டும் அஞ்சல் முறை எளிதாகிறது. இவர்களுள் யாரும் பிழைபட்டவர் அல்லர். யாருடைய பழக்கமும் நாளை மாறப்போவதுமில்லை. பயனர்கள் நிலையாக வேறுபடுகின்றனர் என்பதன் பொருள் இதுவே. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற செயலிகள் பல தளவமைப்புகளை ஒருங்கே தந்து, தமிழுலகில் விரைந்து பரவியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் தெரிவு தந்துவிட்டதனால் முன்னிருப்பு பற்றிய வினா மறைந்துவிடுவதில்லை. மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் தமிழைச் சேர்த்தோருக்கு நெடுங்காலம் கிடைத்தது இன்ஸ்கிரிப்ட் அமைப்பு மட்டுமே. இந்திய எழுத்து முறைகள் அனைத்திலும் ஒத்த ஒலிகளை ஒத்த விசைகளில் வைப்பது அதன் கொள்கை. பல எழுத்து முறைகளைக் கையாள்வோருக்கும், அவற்றை ஒருங்கே ஆதரிக்க வேண்டிய நிறுவனத்திற்கும் அது பொருத்தமானது. தமிழில் மட்டும் எழுதுவோருக்கோ, வர்க்க எழுத்துகளுக்கென ஒதுக்கப்பட்டுத் தமிழில் பயன்படாத இடங்களைச் சுமந்துகொண்டு நிற்கும் பலகை அது. தமிழ்99 பிற்காலப் பதிப்புகளில் சேர்ந்தபோதும் பட்டியலில் அதன் பெயர் 'தமிழ் 99' என்றே இடம்பெற்றது. இன்ஸ்கிரிப்டின் பெயரோ 'தமிழ்' என்று மட்டுமே இருந்தது. முன்னிருப்பாக இருந்தது மொழியின் பெயரையே தனதாக்கிக்கொண்டது. புதிதாகக் கணினியைத் தொடும் மாணவர் 'தமிழ்' என்பதைத் தேர்ந்து, எதிர்பார்த்த எழுத்து வராதபோது, தவறு தம்மிடமே என்று கருதவே வாய்ப்பு மிகுதி. அவர் உரோமன் எழுத்தில் தமிழை எழுதத் திரும்பிவிட்டால் அதனை மொழிப்பற்றின் குறையாகக் கொள்வது நேர்மையாகாது. பட்டியலில் எல்லா அமைப்புகளையும் அவற்றின் சொந்தப் பெயராலேயே குறித்து, தமிழைச் சேர்க்கும் கணத்தில் ஒருமுறை கேட்டுவிடுவதே இங்குத் தக்க வழி.

கேட்பதற்கும் அளவு வேண்டும். மொழியை ஒவ்வொரு முறையும் கேட்கும் பணப்பொறிகள் பல உள்ளன. ஒருவரிடம் அநேகமாக மாறவே மாறாத ஒன்றை நாள்தோறும் கேட்கும் விந்தை அது. கருவியே அறிந்துகொள்ளத்தக்க நேர வலயம் போன்றவற்றைக் கேட்கவே வேண்டா.

யாருடைய நலன்

இதுவரை கூறியவற்றில் உருவாக்குநரின் நலனும் பயனரின் நலனும் பெரிதும் முரண்படவில்லை. முரண்படும் இடங்களில் முன்னிருப்பு ஒரு வணிகப் பொருளாகிறது. ஆப்பிள் கருவிகளின் சஃபாரி உலாவியில் தேடுபொறியை மாற்றுவது சில தொடுகைகளில் முடியும் செயல். அவ்வளவு எளிதாக மாற்றத்தக்க ஓர் இடத்தில் முன்னிருப்பாக இருப்பதற்காக, 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் நிறுவனம் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் செலுத்தியது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களால் வெளிப்பட்டது. மக்கள் உண்மையில் மாற்றிக்கொள்வார்களாயின் யாரும் இத்தொகையைத் தரமாட்டார்கள். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடல் துறையில் தன் தனியுரிமையைச் சட்டத்திற்குப் புறம்பாக நிலைநிறுத்திக்கொண்டது என்று தீர்ப்பளித்தபோது இவ்வொப்பந்தங்களே அதன் மையத்தில் இருந்தன.

இசைவு தொடர்பான அமைவுகளில் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியிருக்கிறது. பிளானெட்49 என்னும் ஜெர்மானிய நிறுவனம் இணையப் பரிசுப்போட்டி ஒன்றில், குக்கீகளுக்கு இசையும் பெட்டியில் முன்னரே குறியிட்டு வைத்திருந்தது. முன்குறியிட்ட பெட்டி இசைவாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவு என்பது தெளிவான உடன்பாட்டுச் செயலால் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது. மேலே கண்ட நம்பிக்கையோடு இதனை இணைத்துப் பார்க்க வேண்டும். வல்லுநர் நமக்காக ஆய்ந்து வைத்தது என்று நம்பித் தொடாமல் விடுவதை, உடன்பட்டதாக எண்ணிக்கொள்வது அந்நம்பிக்கையை விலைக்கு விற்பதாகும்.

பாதுகாப்பிலும் இதே நிலைதான். 2016ஆம் ஆண்டில் பரவிய மிராய் தீநிரல், இணையக் கேமராக்களையும் வழிச்செலுத்திகளையும் கைப்பற்றியது. அதற்கு நுட்பமான உத்தி தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைக்கப்பட்ட ஏறத்தாழ 60 பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை வரிசையாக முயன்றது. கடவுச்சொல்லை மாற்றும் தெரிவு அக்கருவிகள் பலவற்றில் இருக்கத்தான் செய்தது. தெரிவு இருந்ததே என்று விற்றவர் வாதிடலாம்; ஆனால் தாக்குதலின் சுமை கருவியை வாங்கியவரோடு நிற்கவில்லை, அவற்றைக் கொண்டு முடக்கப்பட்ட பிற தளங்களையும் சென்றடைந்தது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லை ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்ரல் முதல் தடைசெய்துள்ளது. பிழையின் சுமை பிறர்மேல் விழும் இடங்களிலும், நேர்ந்தபின் மீட்க இயலாத இடங்களிலும் முன்னிருப்பு காப்பின் பக்கமே சாய வேண்டும் என்பதற்கு மேலும் வாதம் வேண்டியதில்லை.

முன்னிருப்பை மாற்றுதல்

வெளியிட்ட முன்னிருப்பைப் பின்னர் மாற்றுவது தனிச் சிக்கல். வேர்டின் அமைவுக் கோப்பில் இருந்த 0 என்பதை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். தானாகச் சேமிக்க வேண்டா என்று தெரிந்தே முடிவுசெய்த பயனரின் கோப்பிலும் 0 இருக்கும். அப்பக்கத்தையே திறவாதவரின் கோப்பிலும் 0 இருக்கும். அடுத்த பதிப்பில் முன்னிருப்பை 1 ஆக்க விரும்பும் உருவாக்குநர் எல்லாருக்கும் மாற்றினால் முன்னவரின் முடிவை மீறுகிறார். யாருக்கும் மாற்றாவிடில் பின்னவரைப் பழைய இடரிலேயே விட்டுவிடுகிறார். பயனர் தொடாத அமைவுக்கு எந்த மதிப்பையும் கோப்பில் எழுதாமல் வெறுமையாக விட்டு, இயங்கும்போது மட்டும் அப்போதைய முன்னிருப்பைக் கொள்வது இதற்கு எளிய தீர்வு. அப்போது எழுதப்பட்ட ஒவ்வொரு மதிப்பும் ஒருவர் எண்ணிச் செய்த தேர்வாகும்.

எழுத்துரு மாற்றத்தில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. 2007ஆம் ஆண்டின் ஆஃபீஸ் பதிப்பில் வேர்டின் முன்னிருப்பு எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமனிலிருந்து காலிப்ரிக்கு மாறியது. 2023இல் ஆப்டோஸ் அவ்விடத்தைப் பெற்றது. இரு முறையும் புதிதாகத் தொடங்கிய ஆவணங்களே புதிய எழுத்துருவைப் பெற்றன. முன்னரே எழுதி வைத்தவை தத்தம் எழுத்துருவிலேயே இருந்தன.